நான் கட்டிய எடிட்டரும் நான்காவது தீர்மானமும்

ஒரே தீர்மானத்தை மூன்று தடவை வாசித்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. "பாசியை எங்கள் கண் முன்னால் எடை போடாத வியாபாரிக்கு இனி பாசி கொடுப்பதில்லை" என்று வாசித்து முடித்து, அடுத்த வரிக்குப் போக ஒரு விசையைத் தட்டினேன். லேப்டாப் திரையில் எழுத்தெல்லாம் மேலே குதித்து, போன வரியே திரும்ப வந்து நின்றது. தவறுதலாக இரண்டு தடவை ஒட்டிவிட்டேன் போல என்று நினைத்து அதையும் வாசித்தேன். மூன்றாவது தடவை "எங்கள் கண் முன்னால்" என்று வந்ததும் எனக்கே உடம்பு கூசியது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு கூடமே சிரித்தது. சிரித்ததைக்கூட விட்டுவிடுவேன். அதற்குப் பின்னால் யாரோ "பாவம்" என்றார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

பாம்பனில் கடற்பாசி எடுக்கும் பெண்களின் சங்கம் அது. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் கடலுக்குப் போவோம். மற்ற நாட்களில் பாசி வளரட்டும், நாமும் மூச்சு விடுவோம் என்று கரையில் இருப்போம். யாரும் எங்களுக்குப் போட்ட சட்டமில்லை, நாங்களே போட்டுக்கொண்டது. அந்தச் சங்கத்துக்கு நான் செயலாளர். கூட்டத்தில் பேசுவதை எழுதுவதும், அடுத்த கூட்டத்தில் அதை வாசிப்பதும் என் வேலை.

எனக்குக் கண் முழுக்கப் போய்விடவில்லை. நடுவில் மட்டும் ஒரு புகை. எதிரே நிற்பவரின் சேலை தெரியும், முகம் தெரியாது. ராமநாதபுரத்தில் ஒரு அச்சுக்கடையில் எட்டு வருஷம் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவள் நான். புகை கூடிக்கொண்டே வந்ததும் ஊருக்குத் திரும்பிப் பாசி எடுக்கப் போனேன். கடலுக்கு அடியில் எல்லோருக்கும் மங்கல்தான், அங்கே கைதான் கண். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சை அடக்கி மூழ்கினால் எவளுக்கும் நான் இளைத்தவளில்லை. கரையில்தான் எல்லோரும் என்னைக் கையைப் பிடித்து நடத்தப் பார்க்கிறார்கள்.

கூட்டம் முடிந்ததும் தலைவி என்னை ஓரமாக அழைத்தார். அவர் எனக்குச் சித்தி முறை. எனக்கு மூழ்கக் கற்றுக் கொடுத்தவர் இல்லை, ஒன்றும் இல்லை. சங்கத்தில் என்னோடு அதிகம் சண்டை போட்டவர், அவ்வளவுதான்.

"கோவிச்சுக்கிறாத தாயி. உனக்கு எதுக்கு இந்தச் செரமம்? பஸ் ஸ்டாண்டுகிட்ட கம்ப்யூட்டர் கடை வச்சிருக்குல்ல, அந்தத் தம்பிகிட்ட எழுத்து வேலையக் குடுத்துருவோம். நீ சும்மா பக்கத்துல இரு. அடுத்த கூட்டத்துல தீர்மானமாப் போட்டுருவோம்."

"என்னைய எடுக்குற தீர்மானத்த யாரு எழுதுறது?"

"நீதான். அதுவரைக்கும் நீதான செயலாளரு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குள் கொதித்துக்கொண்டே வந்தது. பதவிக்காக இல்லை. எனக்கு முன்னால் ஒரு ஆள்தான் எங்களுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன். கையெழுத்தும் மணி மணியாக இருக்கும். ஆனால் நாங்கள் "தர மாட்டோம்" என்று சொன்னால் அவர் "அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதுவார். "எங்க நாளை நாங்கதான் முடிவு பண்ணுவோம்" என்று சொன்னால் "ஆவன செய்யும்படி வேண்டுகிறோம்" என்று எழுதுவார். நாங்களும் அதில் கைநாட்டும் கையெழுத்தும் வைத்துவிட்டு வருவோம். நான் எழுத வந்த பிறகுதான் எங்கள் தீர்மானத்தில் எங்கள் பேச்சு இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் கொடுப்பதா? உசிரே போனாலும் மாட்டேன் என்று தோன்றியது.

கோளாறு என் கண்ணில் இல்லை, எடிட்டரில். எடிட்டர் என்றால் எழுதுவதற்கும் திருத்துவதற்குமான மென்பொருள். நான் வைத்திருப்பது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம் என்ற வகை. உலகம் முழுவதும் முகம் தெரியாத ஆட்கள் சேர்ந்து செய்கிறார்கள். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, ஒவ்வொரு எழுத்தும் என் கட்டைவிரல் அளவு, இப்படி என் இஷ்டத்துக்கு அதை வளைக்கலாம். ஆனால் அத்தனை பெரிதாக வைத்தால் வரிகள் திரையில் கொள்ளாமல் அது குழம்பிப்போய் மேலே குதிக்கும். இதை என் உடைந்த இங்கிலீஷில் அந்த ஆட்களுக்கு எழுதிப் போட்டிருந்தேன். அந்தக் கூட்டம் நடந்த மூன்றாம் நாள் அவர்களில் ஒருவரிடமிருந்து பதில் வந்தது. எந்த நாட்டுக்காரர் என்றும் தெரியாது.

நீங்கள் சொன்ன கோளாறு எங்களுக்கும் தெரிகிறது, திருத்திவிட்டேன், ஆனால் அது இப்போது வேலை நடந்துகொண்டிருக்கும் மூலநிரலில், அதாவது மென்பொருளை ஆக்கும் கட்டளை வரிகளில் மட்டும்தான் இருக்கிறது, அடுத்த வெளியீடு எப்போது என்று சொல்ல முடியாது என்று எழுதியிருந்தார். கடைசியில், மூலநிரலை இறக்கி நீங்களே கம்பைல் செய்து, சரியாகிவிட்டதா என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். இவ்வளவு பெரிய எழுத்தில் வேலை செய்கிறவர் எங்களில் யாரும் இல்லை என்றும் ஒரு வரி. முடியுமா என்று யாராவது கேட்டால் எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். முடியும் என்று எழுதிவிட்டேன். முடியுமா என்று அப்போது எனக்கே தெரியாது.

அண்ணனிடம் சொன்னேன். அவர் விசைப்படகில் போகிறவர், ஒரு வேலையைச் சுற்றி வளைத்துச் செய்வது அவருக்குப் பிடிக்காது.

"ராமநாதபுரத்துல கடையில குடுத்தா அஞ்சு நிமிஷத்துல வேற ஒண்ண ஏத்திக் குடுத்துருவான். இது என்னத்துக்கு வீம்பு?"

"வேற எதுலயும் எழுத்து எனக்கு ஏத்த மாதிரி வராதுண்ணே."

"அதான் படிச்சுக் காட்டுற ஆப்பு இருக்குல்ல?"

"நான் எழுதுனத நான்தான் பாக்கணும்."

அண்ணி சமையல் கட்டிலிருந்து, கம்பைல் என்றால் என்ன என்று கேட்டார். நான் அவரை மதினி என்றுதான் கூப்பிடுவேன். கடையில் மசாலாப் பொட்டலம் வாங்குவது ஒரு வகை, முதுகுளத்தூர் வத்தலும் மல்லியும் வாங்கி நம் பக்குவத்துக்கு நாமே அரைத்துக்கொள்வது இன்னொரு வகை, நான் செய்யப்போவது இரண்டாவது என்று சொன்னேன். "அப்ப அரைக்கிறதுதான் நல்லது, பொட்டலத்துல என்னத்தக் கலந்திருக்கானோ" என்றார். வீட்டில் ஒரு ஓட்டு எனக்கு விழுந்தது.

வியாழக்கிழமை காலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சங்கக் கட்டிடத்துக்குப் போனேன். எங்கள் வீடு கடலைப் பார்த்து இருக்கிறது. அங்கே போனைத் திறந்தால் அக்கரை நாட்டு டவரைப் பிடித்துக்கொண்டு, வெளிநாட்டுக்கு நல்வரவு என்று செய்தி அனுப்பும், இன்டர்நெட் நின்றுவிடும். சங்கக் கட்டிடத்தில் ஊர் டவர் கிடைக்கும். சாவியும் என்னிடம்தான் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த அடுத்த கூட்டம் வரைக்கும்.

என் லேப்டாப் இரண்டு வகையில் செத்தது. பேட்டரி போய்விட்டது, கரண்ட் இருந்தால்தான் உயிர். உள்ளே கடிகாரத்துக்கென்று ஒரு சின்ன பேட்டரி இருக்கும், உப்புக்காற்று அதையும் தின்றுவிட்டது. அதனால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அது தான் பிறந்த வருஷத்துக்குப் போய் நிற்கும். நான்தான் தேதியைக் கையால் போட வேண்டும். இல்லாவிட்டால் இன்டர்நெட்டில் எந்தக் கதவும் திறக்காது, உன் தேதி சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிடும்.

அன்றைக்கு என்ன தேதி? எங்களுக்குத் தேதி அவ்வளவு பழக்கமில்லை. அமாவாசைக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டால் நடுராத்திரியில் எழுப்பினாலும் சொல்வோம். அன்றைக்கு ஆறு நாள். போனில் தேதி பொடிப்பொடியாகத் தெரியும், எனக்கு ஆகாது. சங்கச் சுவரில் மாதக் காலண்டர் தொங்குகிறது, ஒவ்வொரு எண்ணும் உள்ளங்கை அகலம். கிட்டப்போய் மூக்கை வைத்து, அமாவாசைக்குப் போட்டிருக்கும் கறுப்பு வட்டத்தைத் தேடிப் பிடித்தேன். அங்கிருந்து பின்னால் ஆறு எண்ணினேன். அந்தத் தேதியை, மேலே பெரிதாகப் போட்டிருந்த மாதத்தோடு சேர்த்து லேப்டாப்பில் போட்டேன். கதவுகள் திறந்தன.

காலை முழுக்க மூலநிரல் இறங்கியது. கம்பைல் செய்யத் தேவையான கருவிகளையும் இறக்கினேன். எது எது இருக்கிறது, எது எது இல்லை என்று முதலில் ஒரு பரிசோதனை ஓடும். இல்லை என்று அது சொன்னதையெல்லாம் தேடித் தேடிக் கொடுத்தேன். மூன்று மணிக்கு எல்லாம் இருக்கிறது என்று சொன்னது. கம்பைலைத் தொடங்கி வைக்கும் "மேக்" என்ற கட்டளையைத் தட்டினேன். வரிகள் ஓட ஆரம்பித்தன. கால்வாசி ஓடியிருக்கும், மின்விசிறி நின்றது. திரையும் போனது. கரண்ட் எப்போது வரும் என்று மின்வாரியத்துக்குப் போன் போட்டால் எடுப்பாரில்லை. சரிதான் போடா என்று மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வீட்டிலேயே உட்கார்ந்தேன். எல்லாம் இறங்கிவிட்டதால் இனி இன்டர்நெட் வேண்டாம். தேதி என்ன என்று மதினியிடம் கேட்டேன், போனைப் பார்த்துச் சொன்னார், போட்டேன். விட்ட இடத்திலிருந்து தொடரட்டும் என்று "மேக்" தட்டினேன். அதற்கு அந்தப் புத்தி உண்டு. ஏற்கனவே கம்பைல் ஆனதைத் தொடாது, ஆகாததை மட்டும் செய்யும். எது பழையது எது புதியது என்பதைக் கோப்பின் தேதியை வைத்துத்தான் கண்டுபிடிக்கும்.

ஆனால் அது தொடரவில்லை. முதலிலிருந்து பரிசோதனை ஓடியது. முடிந்தது. திரும்பவும் ஓடியது. மதினி மீன் ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்த்தார்.

"அது என்ன, இருக்கா இருக்கான்னு கேட்டதவே கேட்டுக்கிட்டிருக்கு?"

அவர் சொன்ன பிறகுதான் நானும் கவனித்தேன். நான்காவது சுற்று. நிறுத்தினேன். திரும்ப ஓட்டினேன். அதே கதை. பாதியில் போன கரண்ட் எதையோ கெடுத்துவிட்டது என்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஓட்டினேன். அப்போதும் அதேதான். மதியச் சோறு இறங்கவில்லை. அண்ணன் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு என் பின்னால் வந்து நின்றார். திரையைப் பார்த்துவிட்டு வெளியே போனார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கூசிப்போய் உட்கார்ந்திருப்பதாக என்னையே நான் பார்த்துவிட்டேன். அழுகை வந்தது. அழுதால் இருக்கிற பார்வையும் கலங்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

பிறகு, ஓடுகிற வரிகளை ஓட விடாமல் ஒரு கோப்பில் பிடித்து, பெரிதாக்கி, ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். நாலு சொல், நகர்த்து, நாலு சொல், நகர்த்து. பழைய எடிட்டர் இடையிடையே குதித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பிடித்தேன். எச்சரிக்கை என்று ஒரு வரி கிடைத்தது. இந்தக் கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இத்தனை வினாடி தள்ளி இருக்கிறது என்றது. எண்ணைச் சுருக்கிப் போட்டிருந்தது. விரித்துப் பார்த்தால் இருபத்தைந்து லட்சம் வினாடி.

ஒரு நாளுக்கு எண்பத்தாறாயிரத்து நானூறு. மனதுக்குள் வகுத்தேன். இருபத்தொன்பது நாள் வந்தது.

வேறு யாராவது இருந்தால் அந்த எண்ணைப் பார்த்துத் தலையைச் சொறிந்திருப்பார்கள். பாசி எடுக்கிறவளுக்கு இருபத்தொன்பது என்ன என்று சொல்ல வேண்டுமா? நேற்றைய ஒரு நாளையும் சேர்த்தால் முப்பது. ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை. சங்கச் சுவர்க் காலண்டர் என் முன்னால் வந்து நின்றது. எங்கள் வீடுகளில் கல்யாணமோ காதுகுத்தோ எதுவானாலும் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துத்தான் வைப்போம். அதற்காக யாராவது எப்போதும் அடுத்த மாதத் தாளைப் புரட்டிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுத் திருப்பி மூட மாட்டார்கள். நான் மூக்கை வைத்துத் தேடியது அடுத்த மாதத்து அமாவாசை. என்ன மாதம் நடக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தாளில் இருந்ததைக் கை அப்படியே போட்டுவிட்டது. இறங்கிய கோப்புகள் எல்லாம் அடுத்த மாதத்துத் தேதியோடு உட்கார்ந்திருந்தன. இன்றைக்கு எதைச் செய்தாலும் மூலக்கோப்பு அதைவிடப் புதிது என்று தெரியும். அதனால் முதலிலிருந்து, முதலிலிருந்து என்று அது சுற்றிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு தப்பும் இல்லை.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். மதினி பயந்துபோய்க் கரண்டியோடு வந்தார்.

"மதினி, போன வாரம் காலண்டரப் புரட்டுனது யாரு?"

"நான்தான். தங்கச்சி மகளுக்கு மொட்டையெடுக்க நாள் பாத்தேன். ஏன் தாயி?"

"ஒண்ணுமில்ல. நாள் நல்லா இருக்கு."

எல்லாக் கோப்புகளின் மேலும் இன்றைய தேதியைப் போடச் சொல்லும் கட்டளை ஒன்று உண்டு, ஒரே வரி. போட்டேன். பரிசோதனை ஒரு தடவை ஓடி நின்றது. "மேக்" ஓடியது. கரண்ட் போய்விடக் கூடாது ஏசுவே என்று அது ஓடி முடியும்வரை பக்கத்திலேயே இருந்தேன். இரண்டரை மணி நேரம். வெளிச்சம் இருக்கும்போதே முடிந்தது. கடைசியாக அதை நிறுவும் கட்டளையைத் தட்டிவிட்டு, புதிய எடிட்டரைத் திறந்து, எழுத்தைக் கட்டைவிரல் அளவுக்கு ஏற்றி, போன கூட்டத்துத் தீர்மானங்களைத் திறந்தேன். ஒவ்வொரு வரியாக இறங்கினேன். குதிக்கவில்லை. மேலே போனேன், இறங்கினேன், இன்னும் பெரிதாக்கி இறங்கினேன். நான் விட்ட இடத்தில் அது நின்றது. அண்ணன் பின்னால் வந்து, "ஆயிருச்சா?" என்று மட்டும் கேட்டார். ஆயிருச்சு என்றேன். அவர் எனக்கொரு காபி போட்டுக் கொடுக்கும்படி மதினியிடம் சொன்னார், அது அவர் பாராட்டு.

மறுநாள் சங்கக் கட்டிடத்துக்குப் போய் அந்த முகம் தெரியாத ஆளுக்கு எழுதினேன். உங்கள் திருத்தம் சரியாக இருக்கிறது, பாம்பனில் வேலை செய்கிறது என்று. காலண்டர் தாளைத் திருப்பி இந்த மாதத்துக்குக் கொண்டுவந்துவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம். கூடம் நிறைந்திருந்தது. வழக்கம்போல முதலில் போன கூட்டத்துத் தீர்மானங்களை வாசிக்க வேண்டும். லேப்டாப்பைத் திறந்ததும் பின்வரிசையில் ஒரு சிரிப்புத் தயாராக இருப்பது எனக்குக் கேட்டது. வாசித்தேன். வியாபாரி எங்கள் கண் முன்னால் எடை போட வேண்டும் என்ற வரியை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாசித்தேன். அடுத்ததற்குப் போனேன். கடைசி வரிவரை நிற்கவில்லை. பிறகு அன்றைய தீர்மானங்கள். அவர்கள் பேசப் பேச நான் தட்டினேன், தட்டியதை உடனே வாசித்துக் காட்டினேன். "அப்படித்தான் சொன்னேன்" என்று ஒருத்தி ஆச்சரியமாகச் சொன்னாள். நான்காவது வந்தது. தலைவி தொண்டையைச் செருமினார். மற்ற மூன்றையும் கணீரென்று சொன்னவர், இதை மெல்லச் சொன்னார். அவர் சொன்னபடியே தட்டினேன். செயலாளருக்குக் கண் தெரியாத காரணத்தால், எழுத்து வேலையை வெளியில் கொடுப்பது. வாசித்துக் காட்டினேன்.

"அந்த நாலாவத எடுத்துரு தாயி," என்றார் சித்தி.

"எடுக்க மாட்டேன் சித்தி. சபையில வச்சதுக்கு முடிவு எழுதணும்."

"ஏத்தா, நான்தான வச்சேன், நானே வேணாங்கிறேன்ல."

"இன்னைக்கு எடுத்துட்டா நாளைக்கு எப்பவாச்சும் வேற மாதிரி வரும். ஓட்டுக்கு விடுங்க."

எழுந்து நின்றேன்.

"எனக்குக் கண்ணு தெரியாதுதான். யாரு கையத் தூக்குறீகன்னு எனக்குத் தெரியாது. அதனால தீர்மானத்துக்குச் சரின்னு சொல்றவங்க வாயத் தெறந்து சொல்லுங்க. அவங்கவங்க பேரோட எழுதுறேன்."

காத்திருந்தேன். வெளியே காக்கை கத்தியது. சேலைகள் தெரிந்தன, முகங்கள் தெரியவில்லை. ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. உட்கார்ந்து தட்டினேன். "நான்காவது தீர்மானத்துக்கு ஆதரவாக ஒருவரும் பேசவில்லை. தீர்மானம் தோற்றது. எழுதியவர், செயலாளர்." அதைச் சபைக்கு வாசித்துக் காட்டினேன். மூன்று தடவை வாசித்தேன். இந்தத் தடவை வேண்டுமென்றே.